சவானா: சதுக்கத்தின் பெயர் ஒன்று, நிற்கும் சிலை வேறொன்று

வழிப்போக்கன் | 9 மார்ச் 2024

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துப் பழைய துறைமுகம் சவானாவுக்கு அடுத்த மாதம் போகிறோம். வரைபடத்தை விரித்தால் தலை சுற்றுகிறது. கிரீன் சதுக்கத்தில் கிரீன் இல்லை, அவர் ஜான்சன் சதுக்கத்தில். புலாஸ்கி சதுக்கத்தில் புலாஸ்கி இல்லை, மான்டெரேயில். (இருவரும் அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதிகள்.) ஊரை நிறுவிய ஓகல்தார்ப் தன் பெயரிலுள்ள சதுக்கத்தை விட்டுவிட்டு சிப்பேவாவில் நிற்கிறார். மேடிசன் சதுக்கத்தில் ஜாஸ்பர் என்று ஒரு சார்ஜண்ட். ஆள் மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்த லட்சணத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிற வரலாற்றுப் பலகைகளை மட்டும் எப்படி நம்புவது?

ஓக்நிழல் | 9 மார்ச் 2024

ஆள் மாறவில்லை. பெயர் வைத்த காலம் வேறு, சிலைக்குக் காசு சேர்ந்த காலம் வேறு.

1733-இல் ஓகல்தார்ப் போட்ட திட்டம் எளிமையானது. நடுவில் ஒரு சதுக்கம். வடக்கிலும் தெற்கிலும் வீட்டு மனைகள், ஒரு வார்டுக்கு 40. மனை ஒவ்வொன்றும் 60 அடிக்கு 90 அடி. கிழக்கிலும் மேற்கிலும் கோயில், பொதுக் கட்டடம் போன்றவற்றுக்கு நான்கு பெரிய மனைகள். ஊர் வளர வளர இதே அச்சை அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனார்கள். 1851-க்குள் 24 சதுக்கங்கள். ஒவ்வொன்றும் எழும்போது அந்தச் சமயம் ஊர் வாயில் யார் பெயர் இருந்ததோ அதை வைத்தார்கள். 1814-இல் சிப்பேவா சண்டை, 1815-இல் சிப்பேவா சதுக்கம். 1846-இல் மெக்சிகோவில் மான்டெரே சண்டை, 1847-இல் மான்டெரே சதுக்கம். அன்றைய செய்தித்தாளைப் படித்துப் பெயர் வைத்தது போலத்தான்.

சிலைகள் அப்படியல்ல. சந்தா திரட்டி, லாட்டரி நடத்தி, சங்கம் வைத்து, பத்து இருபது ஆண்டு இழுத்து எழுப்பியவை. எழுப்பும்போது எல்லோரும் கேட்டது ஒரே இடம்: புல் தெரு (Bull Street). நகர மன்றத்திலிருந்து ஃபோர்சித் பூங்கா வரை நேராகப் போகும் நடுத் தெரு. ஊர்வலம் போவது அதில்தான்.

ஓக்நிழல் | 10 மார்ச் 2024

புல் தெருவில் வடக்கிலிருந்து தெற்காக ஐந்து சதுக்கங்கள்: ஜான்சன், ரைட், சிப்பேவா, மேடிசன், மான்டெரே. நினைவுச்சின்னங்கள் வந்த வரிசையைப் பாருங்கள். ஜான்சனில் கிரீனின் தூபி 1830. மான்டெரேயில் புலாஸ்கி, 1850-களின் நடுவில். ரைட்டில் ரயில்வே கம்பெனித் தலைவர் கோர்டன், 1883. மேடிசனில் ஜாஸ்பர், 1888. ஓகல்தார்ப்புக்குச் சிலை வைக்கும் யோசனை கைகூடிய 1910-இல் அந்தத் தெருவில் பெரிய சின்னம் இல்லாமல் மிச்சமிருந்தது சிப்பேவா ஒன்றுதான். அங்கேயிருந்த பார்டோ, மக்லாஸ் என்ற இரண்டு கூட்டமைப்புத் தளபதிகளின் (உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு) மார்பளவுச் சிலைகளை ஃபோர்சித் பூங்காவுக்குத் தள்ளிவிட்டு இவரை நிறுத்தினார்கள். ஊரை நிறுவியவருக்குக் கடைசி சீட்டு. ஓகல்தார்ப் சதுக்கம் ஆபர்கார்ன் தெருவில் ஒதுங்கிக் கிடக்கிறது. அங்கே கொண்டுபோய் வைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சிலையைச் செய்தவர் டேனியல் செஸ்டர் பிரெஞ்ச். வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கும் லிங்கன் பிற்பாடு அவர் செய்ததுதான். பீடம் வடித்த ஹென்றி பேக்கனே லிங்கன் நினைவகத்தின் கட்டடக் கலைஞரும். ஓகல்தார்ப் தெற்கு நோக்கி நிற்பதற்குக் காரணம், அன்று தெற்கே புளோரிடாவில் இருந்த ஸ்பெயின்காரர்கள். கைடுகள் சொல்லும் இந்தக் கதை உண்மை. அவர்கள் சொல்லும் எல்லாக் கதைக்கும் இதே உத்தரவாதம் கிடையாது. சவானாவில் கைடாக இருக்க நகராட்சியின் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி, வழக்கு வந்த பிறகு 2015-இல் கைவிடப்பட்டது.

கரைவாசி | 10 மார்ச் 2024

கிரீன், புலாஸ்கி விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1825-இல் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட் வந்தபோது இரண்டு அடிக்கல் நாட்டினார், கிரீனுக்கு ஜான்சனில், புலாஸ்கிக்கு சிப்பேவாவில். இரண்டு சின்னம் கட்டக் காசு தேறவில்லை.

ஓக்நிழல் | 11 மார்ச் 2024

ஆமாம், அதைச் சொல்லாமல் இது முழுமையாகாது. காசு தேறாததால் ஜான்சனில் எழுந்த ஒரே தூபியை இருவருக்கும் பொதுவாக்கினார்கள். 50 அடி உயரம், வில்லியம் ஸ்டிரிக்லண்ட் வடிவமைப்பு. கால் நூற்றாண்டு கழித்து புலாஸ்கிக்கு மான்டெரேயில் தனிச் சின்னம் வந்த பிறகுதான் தூபி கிரீனுக்கு மட்டும் சொந்தமாயிற்று. ஆகவே 1840-களில் எழுதிய பயணக் குறிப்பு ஏதாவது படித்து, அதில் "புலாஸ்கி தூபி ஜான்சன் சதுக்கத்தில்" என்று இருந்தால் எழுதியவரைத் திட்டாதீர்கள்.

கிரீன் இறந்தது 1786-இல். புதைத்தது இன்று கலோனியல் பார்க் என்கிற பழைய மயானத்தில், கிரகாம் குடும்பத்தின் செங்கல் நிலவறையில். எந்த நிலவறை என்பதே ஊருக்கு மறந்துபோய், 1901-இல் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1902-இல் அவர் எலும்பும் மகன் ஜார்ஜ் வாஷிங்டன் கிரீனின் எலும்பும் தூபிக்கு அடியில் வந்து சேர்ந்தன. அதாவது 72 ஆண்டு அது வெறும் நினைவுத் தூபி, அதற்குப் பிறகுதான் கல்லறை.

வழிப்போக்கன் | 13 மார்ச் 2024

சரி, சிலை விவகாரம் விளங்கியது. பலகை?

ஓக்நிழல் | 13 மார்ச் 2024

கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

நம்மூர்க் கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு "உபயம்" என்று எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த வரிதான் இங்கேயும் முக்கியம். பலகையின் கடைசி வரியில் ஒரு எண், நிறுவிய அமைப்பு, ஆண்டு இருக்கும். எண் 025 அல்லது 25 என்று தொடங்கும். ஜார்ஜியாவில் 159 கவுண்டிகள், நம்மூர் மாவட்டம் மாதிரி. அகர வரிசையில் சவானா இருக்கிற சாத்தம் கவுண்டி 25-ஆவது. கோடுக்குப் பிறகு வருவது அந்தக் கவுண்டிக்குள் பலகையின் வரிசை எண். எண்ணைக் குறித்துக்கொண்டால் முழு வாசகத்தையும் பிறகு வீட்டில் தேடி எடுக்கலாம். தலைப்பை வைத்துத் தேடினால் ஒரே பெயரில் மூன்று வந்து நிற்கும்.

பிறகு அமைப்பின் பெயர். "ஜார்ஜியா வரலாற்று ஆணையம்" என்றிருந்தால் 1950-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை வைத்தது. ஆணையம் 1951-இல் உருவாகி 1973-இல் கலைக்கப்பட்டது. தலையில் மாநில முத்திரையோடு கரும்பச்சைப் பலகை. அதன் பிறகு மாநில இயற்கை வளத் துறை கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டது. 1998 முதல் புதுப் பலகைகள் ஜார்ஜியா வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பு. அது 1839-இல் தொடங்கிய தனிச் சங்கம், தலைமையகம் சவானாவிலேயே ஃபோர்சித் பூங்காவை ஒட்டிய ஹாட்ஜ்சன் மண்டபம்.

இந்த ஒரு வரி தெரிந்தால் பலகை எதைப் பேசும், எதை விழுங்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். ஆணையக் காலத்துப் பலகைகளுக்குக் குடியேற்றக் காலமும் உள்நாட்டுப் போரும்தான் உலகம். அந்தப் போரின் நூற்றாண்டு 1961-இல் வரப்போகிறது, தளபதிகள் போன வழியெல்லாம் பலகை நட்டார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் அதில் அநேகமாக எழுவாயாக வருவதே இல்லை.

ஓக்நிழல் | 14 மார்ச் 2024

நேற்று சொன்னது கம்பத்தில் நிற்கும் உலோக வார்ப்புப் பலகைக்கு மட்டும் பொருந்தும். சதுக்கங்களில் கிரானைட் கல்லும் வெண்கலத் தகடும் நிறைய உண்டு, அவற்றில் எண் இருக்காது. பெரும்பாலும் 1890-களிலிருந்து 1930-கள் வரை மகளிர் சங்கங்கள் வைத்தவை: கலோனியல் டேம்ஸ், அமெரிக்கப் புரட்சியின் மகள்கள், கூட்டமைப்பின் மகள்கள். பெயர்களிலேயே ஜாதகம் இருக்கிறது. ஆண்டு பொறிக்காமல் விட்ட தகட்டையும் பொருளை வைத்தே தோராயமாகக் காலம் கணிக்கலாம். பாறையும் வெண்கலமும் முதல் தலைமுறை, பச்சை அலுமினியம் அடுத்தது.

கரைவாசி | 14 மார்ச் 2024

ரைட் சதுக்கத்துப் பாறையைச் சொல்லுங்கள். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

ஓக்நிழல் | 15 மார்ச் 2024

ரைட் சதுக்கம், தென்கிழக்கு மூலை. முரட்டு கிரானைட் பாறை, அதில் ஒரு வெண்கலத் தகடு. டோமோசீச்சி என்ற பெயரைப் பார்த்ததும் கல்லறை என்று நினைத்துச் சுற்றி நின்று போட்டோ எடுப்பார்கள். பாறை வந்தது 1899-இல். ஸ்டோன் மவுண்டனிலிருந்து கொண்டுவந்து கலோனியல் டேம்ஸ் வைத்தது.

டோமோசீச்சி யாமக்ரா என்ற பூர்வகுடி மக்களின் தலைவர். 1733 பிப்ரவரியில் ஓகல்தார்ப் வந்து இறங்கிய மேட்டில் ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்கள்தான். அவர் சம்மதிக்காமல் அங்கே ஊர் எழும்பியிருக்காது. 1739 அக்டோபரில் இறந்தபோது சதுக்கத்தின் நடுவில் புதைத்தார்கள், பாடை தூக்கியவர்களில் ஓகல்தார்ப்பும் ஒருவர். இன்று அந்த நடு இடத்தில் நிற்பது கோர்டன் சின்னம். 1883-இல் எழுப்பினார்கள், கோர்டன் தலைமையில் தொடங்கிய சென்ட்ரல் ஆஃப் ஜார்ஜியா ரயில்வே தன் முதல் தலைவருக்குச் செய்த மரியாதை.

பதினாறு ஆண்டு கழித்து பாறையை வைக்க முன்னின்றவர் நெல்லி கோர்டன், அதே கோர்டனின் மருமகள். மாமனார் சின்னம் நடுவில், அதற்கு இடம் விட்டவருக்கு மூலையில் பாறை. சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் இரண்டு நிமிடத்தில் இந்தக் குடும்பக் கணக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். எந்தத் தனிப் பலகையும் இதை மொத்தமாகச் சொல்லாது. (நெல்லியின் மகள் ஜூலியட் கோர்டன் லோதான் 1912-இல் சவானாவில் அமெரிக்கப் பெண் சாரணியர் இயக்கத்தைத் தொடங்கியவர். அவர் பிறந்த வீடும் இதே புல் தெருவில்.)

சதுக்கத்தின் பெயர் கடைசி ஆங்கில ஆளுநர் ரைட்டுடையது. மூன்று பேர், மூன்று காலம், ஒரே புல்வெளி.

வழிப்போக்கன் | 15 மார்ச் 2024

சதுக்கம் மொத்தம் எத்தனை? ஒரு கையேட்டில் 21, இன்னொன்றில் 22, நீங்கள் 24 என்கிறீர்கள்.

ஓக்நிழல் | 15 மார்ச் 2024

மூன்றும் சரி. எண்ணிக்கையை வைத்துக் கையேடு அச்சான காலத்தைச் சொல்லிவிடலாம்.

போட்டது 24. மாண்ட்கோமரி தெருவில் வரிசையாக இருந்த பிராங்க்ளின், லிபர்ட்டி, எல்பர்ட் மூன்றையும் 1935-இல் 17-ஆம் எண் நெடுஞ்சாலை விழுங்கியது. 1954-இல் எல்லிஸ் சதுக்கத்திலிருந்த பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து அடுக்கு பார்க்கிங் கட்டினார்கள். கணக்கு 20 ஆயிற்று. 1980-களில் பிராங்க்ளினை மீட்டார்கள், 21. பார்க்கிங்கைத் தரைக்கு அடியில் இறக்கிவிட்டு எல்லிஸ் 2010-இல் திரும்பத் திறந்தது, 22. லிபர்ட்டியிலும் எல்பர்ட்டிலும் மிச்சமிருப்பது சாலையோரப் புல் துண்டு.

சந்தையை இடித்த கோபத்தில்தான் அடுத்த ஆண்டே, 1955-இல், ஏழு பெண்கள் சேர்ந்து ஹிஸ்டாரிக் சவானா அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்று பார்க்கிங்குக்காக இடிக்கவிருந்த டேவன்போர்ட் வீட்டை 22,500 டாலருக்கு வாங்கியதுதான் முதல் வேலை. கொலம்பியா சதுக்கத்தில் இருக்கிறது, 1820-இல் கட்டியது. பழைய வீடுகள் இத்தனை இன்றும் நிற்பதற்கு அந்தப் பார்க்கிங் கட்டடத்துக்கு ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

கரைவாசி | 17 மார்ச் 2024

பெயர் மாறியதையும் எழுதிவிடுங்கள், பழைய வரைபடம் வைத்திருப்பவர்கள் தேடி அலைவார்கள்.

ஓக்நிழல் | 17 மார்ச் 2024

கல்ஹூன் சதுக்கம் இப்போது சூசி கிங் டெய்லர் சதுக்கம். அடிமை முறைக்கு வாதாடிய கல்ஹூனின் பெயரை நகர மன்றம் 2022 நவம்பரில் நீக்கியது. 2023 ஆகஸ்டில் புதுப் பெயரைத் தீர்மானித்தது. டெய்லர் அடிமையாகப் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த சவானாவில் ஒளிந்து படித்தவர், போரில் கறுப்பினப் படைப்பிரிவோடு ஆசிரியையாகவும் செவிலியாகவும் இருந்தவர். ஒரு பெண்ணின் பெயர், ஒரு கறுப்பினத்தவரின் பெயர், இரண்டுக்கும் சவானா சதுக்கங்களில் இதுவே முதல்.

ஓக்நிழல் | 20 மார்ச் 2024

படிக்கிற உபாயம். எழுத்துகள் புடைப்பாக வார்த்தவை. மண் அச்சில் உருக்கிய அலுமினியத்தை ஊற்றி, ஆறிய பிறகு முழுவதும் ஒரு வண்ணம், பிறகு புடைத்த எழுத்தின் முகத்துக்கு மட்டும் வேறு வண்ணம். வெயில் முதலில் தின்பது எழுத்தின் முகத்தைத்தான், ஏனென்றால் வெளியே துருத்திக்கொண்டிருப்பது அது. வண்ணம் போன பலகையை உச்சி வெயிலில் நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து தெளிவாகப் படிக்கலாம். ஓக் மரத்தடியில் எப்போதும் இருட்டாக இருப்பவற்றுக்கு செல்போன் டார்ச்சைப் பலகையின் ஓரத்தில் ஒட்டிப் பிடித்து, எழுத்தின் குறுக்கே வெளிச்சம் ஓடும்படி காட்டுங்கள். ஃபிளாஷ் போட்டு நேரே எடுத்தால் பளபளப்பு மட்டும்தான் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் பாருங்கள். வாசகம் நீளமானால் சில பலகைகளில் முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் முடியும். முன்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் "பாதியில் நிற்கிறது" என்று புலம்புபவர்கள் அதிகம்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் பாதிதான் உண்மை. கடல் காற்றின் உப்புப் பட்டால் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழும். எஃகு போல்ட்டோடு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இது வேகமாக நடக்கும், இரண்டு உலோகமும் உப்பீரமும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தைத் தின்னும். கம்பத்தின் தலையில் பலகை லேசாக ஆடினால் பெரும்பாலும் காரணம் இதுவே. அங்கே கையை வைத்துச் சாயாதீர்கள்.

வழிப்போக்கன் | 21 மார்ச் 2024

மயானத்துக் கல்லுக்கும் இதே டார்ச் வித்தையா?

ஓக்நிழல் | 21 மார்ச் 2024

டார்ச் சரி. தாளை வைத்துக் கரியால் தேய்த்துப் படியெடுப்பது, சுண்ணக்கட்டி பூசுவது, சவர நுரை தடவுவது மூன்றும் கூடாது. பழைய சலவைக்கல்லும் மணற்கல்லும் விரலால் தொட்டாலே சர்க்கரை மாதிரி உதிரும் நிலையில் இருக்கும். பகலில் சின்னக் கண்ணாடி ஒன்றால் வெயிலை வாங்கிக் கல்லின் பக்கவாட்டில் அடித்தால் போதும், தேய்ந்த எழுத்தும் எழும்பி வரும்.

கலோனியல் பார்க் 1750 முதல் 1853 வரை புழக்கத்தில் இருந்தது. கிழக்குச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் தலைக்கற்கள் தங்கள் கல்லறையை இழந்தவை; அவற்றுக்கு அடியில் யாரும் இல்லை. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பட்டன் குவின்னட், 1777-இல் லாக்லன் மக்கின்டாஷோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அந்தக் காயத்தில் செத்தார். சுட்டவருக்கும் சுடப்பட்டவருக்கும் இதே மயானத்தில் நினைவிடம்.

கரைவாசி | 24 மார்ச் 2024

ஜாஸ்பரும் புலாஸ்கியும் விழுந்த இடம் புல் தெருவில் இல்லையே.

ஓக்நிழல் | 24 மார்ச் 2024

இல்லவே இல்லை. இருவரும் அடிபட்டது ஒரே நாள், 1779 அக்டோபர் 9. ஆங்கிலேயர் கையில் இருந்த ஊரைப் பிடிக்க அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து மேற்கே ஸ்பிரிங் ஹில் மண்கோட்டையைத் தாக்கித் தோற்றார்கள். ஜாஸ்பர் படைக்கொடியோடு விழுந்தார். குதிரைப்படைத் தலைவர் புலாஸ்கி இரண்டு நாள் கழித்து இறந்தார். அந்த இடம் இன்று சுற்றுலாத் தகவல் மையத்துக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் பக்கத்தில். மண்கோட்டையை மறுபடி அமைத்து, அடிபட்டவர்களையும் இறந்தவர்களையும் குறிக்க 800 கிரானைட் கற்களை அணிவகுப்பு வரிசையில் நட்டிருக்கிறார்கள். காரை அந்தப் பக்கம் நிறுத்துபவர்கள் முதலில் இதைப் பார்த்துவிட்டுச் சிலைகளுக்குப் போனால், யார் எதற்கு அங்கே நிற்கிறார்கள் என்று புரியும்.

அதே சண்டையில் அன்று செயின்ட் டொமிங்கோ எனப்பட்ட ஹெய்ட்டியிலிருந்து வந்த கறுப்பினத் தன்னார்வலர்கள் 500-க்கு மேல். அவர்களுக்குச் சின்னம் வந்தது 2007-இல், பிராங்க்ளின் சதுக்கத்தில். முரசு அடிக்கிற பையன் பிற்பாடு ஹெய்ட்டியின் அரசரான ஆன்ரி கிறிஸ்டோஃப். ஜாஸ்பர் 109 ஆண்டு காத்திருந்தார், இவர்கள் 228 ஆண்டு.

புலாஸ்கி சின்னம் இத்தாலியச் சலவைக்கல், சுமார் 55 அடி. கல் விரிசல் விட்டதால் 1996-இல் கழற்றினார்கள். அடியில் ஒரு பெட்டியில் எலும்புகள். அதுவரை அவர் உடல் கடலில் போடப்பட்டதா, இங்கே இருக்கிறதா என்று ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. சின்னத்தை 2001-இல் திரும்பப் பூட்டினார்கள், எலும்பை 2005-இல் அடக்கம் செய்தார்கள். உச்சியில் இப்போது இருக்கும் சுதந்திர தேவி புதுப் பிரதி.

ஓக்நிழல் | 2 ஏப்ரல் 2024

மேடிசன் சதுக்கத்தில் ஜாஸ்பரைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பினால் கிரீன்-மெல்ட்ரிம் வீடு. (இந்த கிரீன் பருத்தி வியாபாரி, தூபிக்காரருக்கு உறவில்லை.) வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் 1864 டிசம்பரில் ஊரைப் பிடித்து இங்கே தங்கினார். லிங்கனுக்கு சவானாவைக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதாகத் தந்தி அடித்தது டிசம்பர் 22. எல்லாக் கைடும் இந்தத் தந்தியோடு நிறுத்திவிடுவார்கள். அதே வீட்டில் 1865 ஜனவரி 12-ஆம் தேதி கறுப்பினச் சமயத் தலைவர்கள் 20 பேரை உட்காரவைத்து "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டார்கள். நிலம் என்றார்கள். நான்கு நாள் கழித்து வந்ததுதான் 15-ஆம் எண் களச் சிறப்பாணை, கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்னது. அந்த ஆண்டே அடுத்த அதிபர் ஜான்சன் அதை ரத்து செய்து நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பினார். இந்த ஆணைக்கென்று தனிப் பலகை வந்தது போரின் 150-ஆம் ஆண்டையொட்டித்தான்.

வழிப்போக்கன் | 3 ஏப்ரல் 2024

அடிமை வியாபாரம் பற்றி நடந்து போகிற தூரத்தில் ஏதாவது உண்டா?

ஓக்நிழல் | 3 ஏப்ரல் 2024

நடக்கிற தூரத்தில் மூன்று. ஆற்றங்கரைத் தெருவில் உடைந்த சங்கிலியோடு நிற்கும் நால்வர் குடும்பம், வெண்கலம், 2002. பீடத்தில் இருக்கும் கவிஞர் மாயா ஆஞ்சலோவின் வரிகள் கடுமையானவை. நகர மன்றத்தில் ஆட்சேபம் வந்து, அவரே நம்பிக்கையான வரி ஒன்றைக் கடைசியில் சேர்த்த பிறகுதான் அனுமதித்தார்கள். எது சேர்த்த வரி என்று பார்த்தவுடன் தெரியும். அடுத்து ஓகல்தார்ப் சதுக்கத்தில் ஓவன்ஸ்-தாமஸ் வீடு, பின்கட்டில் அடிமைகள் குடியிருந்த கட்டடம், உத்தரத்தில் பழைய நீல வண்ணத்தோடு அப்படியே. பிறகு பிராங்க்ளின் சதுக்கத்தில் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் ஆலயம்.

நடக்க முடியாத தூரத்தில் இருக்கிறது எல்லாவற்றிலும் கனமான பலகை. நகர மையத்துக்கு மேற்கே, அகஸ்டா அவென்யூவில் ஒரு சின்னத் திடல். 1859 மார்ச் 2, 3 தேதிகளில் டென் புரோக் குதிரைப் பந்தயத் திடலில் தோட்ட முதலாளி பியர்ஸ் பட்லர் கடன் அடைக்கத் தன் அடிமைகள் 436 பேரை ஏலத்துக்கு விளம்பரம் செய்தார். வசூல் 3,03,850 டாலர். அழுகைக் காலம் என்று இதற்குப் பெயர். பலகை வந்தது 2008-இல், நகராட்சியும் வரலாற்றுச் சங்கமும் சேர்ந்து. சுற்றுலா பஸ் அந்தப் பக்கம் போகாது. சுற்றிலும் குடியிருப்பும் தொழிற்கூடங்களும். கார் வேண்டும்.

அதன் வாசகத்தில் அமெரிக்க வரலாற்றின் "மிகப் பெரிய ஏலங்களில் ஒன்று" என்று இருக்கும்; "மிகப் பெரியது" என்பது தலைப்பில், ஜார்ஜியா அளவில் மட்டும். கைடுகளும் பத்திரிகைகளும் "மிகப் பெரியது" என்றே சொல்லி வந்தார்கள். 2023-இல், சார்ல்ஸ்டனில் 1835-இல் 600 பேரை ஏலத்துக்கு அறிவித்த விளம்பரம் வெளிச்சத்துக்கு வந்தது. பலகை எழுதியவர்கள் "ஒன்று" என்று போட்ட சொல்லால் தப்பித்தார்கள். வார்த்த பலகையில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமானால் முழுவதையும் புதிதாக வார்க்க வேண்டும், அதனால் விவரம் தெரிந்தவர்கள் "முதல்", "மிகப் பெரிய" இரண்டையும் கூடியவரை தொடமாட்டார்கள். 1950-களில் அந்த அச்சம் குறைவு. பழைய பச்சைப் பலகையில் "முதல்" என்று கண்டால் ஓரமாக ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

கரைவாசி | 4 ஏப்ரல் 2024

அந்த வகையில் கப்பல் சவானாவும் ஒன்று.

ஓக்நிழல் | 4 ஏப்ரல் 2024

1819 மே 22-இல் கிளம்பி 29 நாளில் லிவர்பூல். அட்லாண்டிக்கைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் என்பார்கள். இயந்திரம் ஓடியது மொத்தத்தில் கொஞ்ச நேரம், மீதியெல்லாம் பாய். "நீராவி இயந்திரத்தோடு கடந்த முதல் கப்பல்" என்றால் சண்டை இல்லை. அந்த மே 22-ஐ அமெரிக்கா கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறது, ஆகவே யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள்.

வழிப்போக்கன் | 6 ஏப்ரல் 2024

ஃபோர்சித் பூங்காவில் இருக்கும் கூட்டமைப்புச் சின்னத்தை எடுத்துவிட்டார்களா?

ஓக்நிழல் | 6 ஏப்ரல் 2024

இல்லை. 2019-இல் ஜார்ஜியா கொண்டுவந்த சட்டப்படி அப்படி எடுக்க முடியாது. 1875-இல் திறந்தபோது உச்சியிலும் நடுவிலும் சலவைக்கல் பெண்ணுருவங்கள். ஊருக்குப் பிடிக்காமல் 1879-இல் வெண்கலச் சிப்பாயை ஏற்றினார்கள். அவர் வடக்கே பார்க்கிறார். இறக்கிய "மௌனம்" சிலை லாரல் குரோவ் மயானத்தில். நீரூற்று 1858, அதுதான் எல்லோரும் போட்டோ எடுப்பது.

ஓக்நிழல் | 7 ஏப்ரல் 2024

போவதற்கு முன் வழி. நகர மன்றத்தின் தங்கக் குவிமாடத்திலிருந்து தொடங்கி புல் தெருவில் ஐந்து சதுக்கம், ஃபோர்சித் நீரூற்று வரை ஏறத்தாழ ஒரு மைல். நின்று படித்தால் அரை நாள். காலையில் கிளம்பி தெற்கே போங்கள், திரும்பும்போது பிற்பகல் வெளிச்சம் பலகைகளின் மறுபக்கத்தில் விழும். சதுக்கத்தைச் சுற்றி வண்டிகள் ஒருவழியாக இடஞ்சுழியாக வரும், சதுக்கத்துக்குள் போகக் கடக்கும்போது இடப்பக்கம், வெளியே வரும்போது வலப்பக்கம் பாருங்கள். ஆற்றங்கரைத் தெருவுக்கு இறங்கும் கல் சரிவுகள் கப்பல்கள் பாரத்துக்குக் கொண்டுவந்த கற்களால் பாவியவை. மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். பழைய படிக்கட்டுகளில் "சொந்தப் பொறுப்பில் இறங்கவும்" என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல, படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. குழந்தைகளோ வயதானவர்களோ கூட இருந்தால் நகர மன்றத்துப் பக்கம் லிஃப்ட் இருக்கிறது.

வழிப்போக்கன் | 29 ஏப்ரல் 2024

போய் வந்தோம். மான்டெரேயில் ஒரு கைடு, புலாஸ்கி சதுக்கத்துக்குச் சிலையைக் கொண்டுவந்த வண்டி வழியில் உடைந்ததால் இங்கேயே இறக்கிவிட்டார்கள் என்று சொன்னார்.

ஓக்நிழல் | 29 ஏப்ரல் 2024

55 அடிச் சலவைக்கல் சின்னத்தை எந்த வண்டியில் ஏற்றினாராம்?